கழுத்தை விட்டு இறங்காத சங்கிலி

எனக்கு மஞ்சள் தண்ணி ஊற்றிய அன்று என் கழுத்தில் கிடந்த சங்கிலியை, பந்தியில் இலை எடுப்பதற்குள் கழற்றிக்கொண்டு போய் அக்கா கழுத்தில் போட்டுவிட்டார்கள். என் பொறாமைக்குப் பிறந்த நாள் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த நாள்தான். அறுபத்து நாலோ அறுபத்து ஐந்தோ, வருஷம் எனக்குச் சரியாக நினைவில்லை. கழற்றும்போது கொக்கியில் என் தலைமுடி நாலு சிக்கிப் பிய்ந்து வந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டில் நகை என்று இருந்தது அந்த ஒரு சங்கிலிதான். அம்மாவுக்கு அவள் பிறந்த வீட்டில் போட்டது. அக்கா பெரியவளானபோது ஒன்பது நாள் போட்டிருந்தாள். உனக்கும் ஒன்பது நாள் உண்டு என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். நாலு வருஷம் காத்திருந்து, முதல் நாள் மத்தியானமே பறிகொடுத்தேன்.

நடந்தது இதுதான். அக்காவுக்கு ஒரு வாரமாக லேசான காய்ச்சல். சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்குப் பந்தி போட்டுக்கொண்டிருந்தவள், சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தாடைக்குக் கீழே கழுத்தின் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொட்டால் வலி, திரும்பினால் வலி, எச்சில் விழுங்கினால் காது வரைக்கும் வலி. எதிர் வீட்டு அத்தை வந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். அக்கா அலறினாள்.

"பொன்னுக்கு வீங்கி தான் இது. இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? கழுத்துல பொன்ன போடுங்க" என்றாள் அத்தை.

எங்கள் பக்கத்தில் பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் நகை போடுவார்கள். பொன் பட்டால் வீக்கம் வடிந்துவிடும் என்று நம்பிக்கை. அக்கா கழுத்தில் வீக்கமே இல்லை, வலி மட்டும்தான். அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் மணையில் உட்கார்ந்திருக்கிற பெண் வாய் திறக்கக் கூடாது. அம்மா என் பின்னால் வந்து நின்று கொக்கியைத் தேடினாள். "கொஞ்சம் பொறுத்துக்கோமா, நாளைக்கி குடுத்துடுவா" என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு என்பது ஆறு வருஷம் ஆயிற்று.

ஒரு மாதத்தில் வலி தானாக அடங்கியது. அதற்கு அத்தை கழுத்துக்கு இட்ட பற்றும் காரணம் இல்லை, சங்கிலியும் காரணம் இல்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு வீடே சங்கிலியைக் கையெடுத்துக் கும்பிட்டது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நான் போட்டுக்கொள்ளலாம் என்று மறுவருஷம் அம்மா மனமிரங்கி, அக்கா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அக்காவுக்கு மறுபடியும் அதே வலி, அதே காய்ச்சல். இந்தத் தடவை வலப்பக்கமும் சேர்ந்துகொண்டது. அம்மா பதறிப்போய்ச் சங்கிலியை என்னிடமிருந்து வாங்கிப் போட்டாள். அதற்கப்புறம் அது அக்கா கழுத்தை விட்டு இறங்கவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. குளிக்கும்போதும் சங்கிலி, தூங்கும்போதும் சங்கிலி. கழுத்தில் கிடந்து அது தேயத் தேய எனக்கு வயிறு எரிந்தது.

நைனாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் நைனா நெய்வார், அம்மா அவருக்குக் கோர்வை போடுவாள். இன்னொன்றில் அக்கா நெய்வாள், நான் கோர்வை போடுவேன். கோர்வைச் சேலை ஒருத்தரால் ஆகிற காரியம் இல்லை. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். உடம்பு இழையைக் கொண்டுபோகிற நாடாவை நெய்கிறவள் விடுவாள். கரை நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் விடவேண்டும். இரண்டு இழையும் பின்னிக்கொண்ட பிறகு, நெய்கிறவள் இடது கையால் பலகையை இழுத்து அடிப்பாள். நான் விட்டால்தான் அவள் அடிக்க முடியும். அவள் அடித்தால்தான் நான் அடுத்ததை விட முடியும். பேச்சுவார்த்தை இல்லாத அக்கா தங்கையாக இருந்தாலும் கோர்வையில் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் போகவேண்டும்.

அக்காவின் இடது கை அங்கேதான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வலி வந்துபோய் இரண்டு வருஷம் இருக்கும். முப்பது நாற்பது அடி அடிப்பாள். அப்புறம் கை சோர்ந்து மடியில் விழுந்துவிடும். "குறுகுறுன்னு வலிக்குது, கல்லு கட்டின மாதிரி இருக்குது" என்பாள். ஐந்து நிமிஷம் சும்மா வைத்திருந்தால் சரியாகிவிடும். மறுபடி நாற்பது அடி, மறுபடி கல். வேலை என்றால் வலிக்கிற கை, சும்மா இருந்தால் வலிக்காது! இதை யார் நம்புவார்கள்? நைனா நம்பவில்லை. நான் நம்பவே இல்லை. முறத்தைத் தூக்கிப் பரணில் வைக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது என்பாள். மேலே பார்த்தால் கண் இருட்டுகிறது என்பாள். சங்கிலி போட்ட மகாராணிக்கு எல்லாம் வரும் என்று நான் முணுமுணுப்பேன்.

ஆனாலும் அவளை நைனாவிடம் காட்டிக் கொடுக்காமல் இருந்தேன். நல்ல மனசால் அல்ல, கூலிக்கு. எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். கை சோர்ந்தால் அக்கா நாக்கை 'த்ச்' என்று ஒரு தட்டுத் தட்டுவாள். உடனே நான், "இழை அறுந்துபோச்சு நைனா" என்று சத்தமாகச் சொல்லிக் கரைப் பக்கம் குனிந்துகொள்வேன். நான் முடிச்சுப் போடுகிற மாதிரி நடிக்கிற நேரத்தில் அவள் கைக்கு உயிர் வரும். அதற்குப் பதிலாக அம்மாவும் நைனாவும் நெய்த சேலையை ஒப்படைக்கப் போகிற மத்தியானங்களில், சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போடுவாள். ஒரு மணி நேரம். நான் கண்ணாடிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். "உனக்குத்தான்டி எடுப்பா இருக்குது" என்பாள். அது ஜாலம் என்று நினைத்து இன்னும் எரிச்சலாவேன். கழற்றிய ஒரு மணி நேரத்தில் அவளுக்கு எந்த வலியும் வந்ததில்லை. அப்படியென்றால் இவ்வளவு நாளும் நடிப்புத்தானே என்று எனக்குள் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு வரன் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் நாலு தறி ஓடுகிற வீடு. பையன் சுருட்டை முடி, அதிகம் பேசாதவர். எங்கள் ஜனத்தில் பெண் பார்க்க வந்தால் பாட்டுப் பாடச் சொல்வதில்லை, தறியில் உட்காரச் சொல்வார்கள். பையனைப் பெற்ற அம்மாள் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு நாலு விரக்கடை நெய்யட்டும், பாக்கலாம்" என்றாள். நாலு விரல் அகலத்துக்கு நெய்து காட்ட அக்கா தறிக்குழியில் இறங்கினாள். நான் கோர்வைக்கு உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையாக வந்தவர் வாசற்படி ஓரம் நின்றிருந்தார். அவர் பார்வை அக்கா மேலேயே இருந்தது. புதுச் சேலை, பூ, சங்கிலி எல்லாமே அவளுக்கு. எனக்கு எண்ணெய் வழிகிற பழைய தாவணி. நான் அங்கே இருக்கிறேன் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

முப்பது அடி ஆயிற்று. அக்கா முகத்தில் வேர்வை. நாக்கைத் தட்டினாள். நான் கேட்காதவள் மாதிரி நாடாவை விட்டேன். இன்னொரு தடவை தட்டினாள். நான் இன்னும் வேகமாக விட்டேன். அவள் அடித்து முடிக்கிறதற்குள் என் நாடா தயாராக நின்றது. காத்திருப்பது நானாகவும், காக்கவைப்பது அவளாகவும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிச் செய்தேன். மூன்றாவது தடவை அவள் தட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை இன்னா, பழக்கம் இல்லியா?" என்றாள் அந்த அம்மாள்.

"கொஞ்சம் வலிக்குது" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். வாசல் தாண்டும்போது அந்த அம்மாள் எங்கள் அம்மாவிடம், "பொண்ணு லட்சணந்தான். கை சோம்பலா இருக்குதே" என்றாள். ஒரே ஒரு இழை அறுந்துபோச்சு என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் உட்கார்ந்தேன். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்துத் தரகர் வந்து, கோர்வை போட்ட சின்னப் பெண்ணின் கை வேகம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது, கொடுப்பீர்களா என்று கேட்டார். பெரியவள் இருக்கச் சின்னவளைக் கொடுப்பதா என்று நைனா முரண்டு பிடித்தார். அக்காதான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்திலும் ஒரு முள். அவர் முதலில் பார்க்க வந்தது அவளை. என் புருஷனும் அக்கா போட்டுக் கழற்றிய சங்கிலி மாதிரித்தான் எனக்கு வந்தார்.

சங்கிலியும் வந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அக்காவே கழற்றினாள்.

"கழட்டினா வலி வருமேமா" என்று அம்மா தடுத்தாள்.

"இப்பல்லாம் ஒண்ணும் இல்லமா. அவளுக்குத்தான் சொன்னீங்க, அவளுக்கே போடுங்க" என்று சொல்லிவிட்டு, என் முடி சிக்காமல் பின்னலைத் தூக்கிப் பிடித்துக் கொக்கியை மாட்டினாள். அவளுடைய இடது கையில் சூடே இல்லை. என் கழுத்தில் ஐஸ் கட்டி பட்டமாதிரி இருந்தது.

கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் என்னைப் பார்க்கப் பிள்ளையார்பாளையம் வந்தாள். சித்திரை வெயில். அந்தப் புழுக்கத்தில் முந்தானையை இரண்டு சுற்றுக் கழுத்தில் சுற்றியிருந்தாள். சாப்பிடச் சொன்னேன், மோர் மட்டும் போதும் என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. வெறுங்கழுத்தை மூடிக்கொண்டு வந்து, தங்கை பிடுங்கிக்கொண்டாள் என்று என் மாமியாருக்குக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். "ஏன்க்கா இப்படி போத்திக்கினு வந்து மானத்த வாங்குற?" என்று அடுக்களையில் வைத்துக் கேட்டேவிட்டேன். அவள் முந்தானையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "வெயிலுக்குத்தான் பாப்பா" என்றாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுவருஷம் பங்குனித் திருவிழா. எனக்கு ஐந்து மாதம். அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் பெரிய காஞ்சிபுரத்தில் ராஜவீதி முனையில் தேர் பார்க்க நின்றோம். தேர் கிட்டே வந்ததும் எல்லோரும் அண்ணாந்து கும்பிட்டோம். அக்காவும் கையைத் தூக்கி அண்ணாந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே என் மேல் சரிந்தாள். நானும் விழுந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி விழுந்தேனே என்று ஒரு நாதி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாக் கையும் அவளைத்தான் தூக்கியது. சாமி வந்துவிட்டது என்று ஒருத்தி அவள் நெற்றியில் விபூதி பூசினாள். சாமி கூட இவள் மேல்தான் வரவேண்டுமா என்று, மண்ணில் கிடந்தபடி நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

பக்கத்துத் தெரு வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்பது நாடி பார்க்கிற முறை. வைத்தியர் அக்காவின் இடது மணிக்கட்டில் மூன்று விரலையும் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நைனாவுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். "நாடி நின்னுபோச்சுமா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலற ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் அக்கா கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா அழுவுற? கொஞ்சம் காபி தண்ணி குடு" என்றாள்.

வைத்தியர் முறையை மீறி அவளுடைய வலது கையைப் பிடித்துப் பார்த்தார். அங்கே நாடி குதித்துக்கொண்டு ஓடியது. மறுபடி இடது கை. ஒன்றும் இல்லை. நல்ல மனிதர், தெரிந்த மாதிரி நடிக்கவில்லை. "இது எனக்குப் புரியாத விஷயம். பட்டணத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பட்டணத்தில் அக்காவுக்குக் கிடைத்த மரியாதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு பெரிய டாக்டர், அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். எல்லோரும் வரிசையாக வந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். இடது கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றினால் முள் நகரவே இல்லை. மெஷின் கெட்டுப்போச்சு என்று நர்ஸ் இன்னொன்று கொண்டுவந்தாள், அதுவும் பேசவில்லை. நான் சுவரோரம் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதக்காரிக்கு ஒரு தம்ளர் தண்ணி வேண்டுமா என்று கேட்க ஆளில்லை.

அப்போது டாக்டர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "கூடப் பிறந்தவங்களா? இப்படி வாங்கம்மா, கையை நீட்டுங்க" என்றார். என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு மாணவர்களிடம், "முதல்ல இவங்க நாடியைப் பாருங்க. நல்ல நாடின்னா இப்படித்தான் இருக்கணும். அப்புறம் அவங்களைப் பாருங்க" என்றார். பன்னிரண்டு பேரும் என் கையைத் தொட்டு, தலையாட்டி, பிறகு அக்கா கையைத் தொட்டு முகம் மாறினார்கள். பிறந்ததிலிருந்து நான் ஏங்கிக்கொண்டிருந்த வார்த்தை அது. இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவள்தான் நன்றாக இருக்கிறாள் என்று ஒருத்தர் சொன்னார். எனக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது.

டாக்டர் தன்னுடைய குழாயை என் காதில் மாட்டி, இன்னொரு முனையை அக்கா கழுத்தில் முன்பு சங்கிலி கிடந்த இடத்தில் வைத்தார். குழாயடியில் தண்ணி குறைவாக வரும்போது உஸ் உஸ் என்று ஒரு சத்தம் வருமே, அது கேட்டது.

"மூளைக்கும் கைக்கும் போற ரத்தக்குழாயைச் சுத்தி அழற்சி வந்திருக்கு. வந்தபோது கழுத்து வலிச்சிருக்கும், காய்ச்சல் அடிச்சிருக்கும். அது தானா அடங்கிடும், வியாதி போயிடுச்சுன்னு நினைச்சுக்குவீங்க. ஆனா ஒவ்வொரு தடவை வந்துபோகும்போதும் குழாயோட சுவர் தடிச்சு, உள்ள வழி சுருங்கிக்கிட்டே வரும். இடது கைக்குப் போற வழி கிட்டத்தட்ட அடைஞ்சுபோச்சு. வேலை செய்யும்போது கைக்கு ரத்தம் அதிகம் வேணும், கிடைக்காது, அதான் வலி. அண்ணாந்து பார்த்தா தலை சுத்தறதும் இதனாலதான்."

வேலை செய்தால் வலிக்கும், சும்மா இருந்தால் வலிக்காது. நான் நடிப்பென்று சொன்ன ஒவ்வொன்றையும் அவர் வியாதி என்று வரிசையாகச் சொன்னார். எனக்கு அந்த நாக்குத் தட்டுகிற சத்தம் காதில் கேட்டது.

"கடைசியா வலி எப்ப வந்தது?" என்று அவர் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "செயின் போட்ட அப்புறம் வலியே வந்ததில்ல சார்" என்றாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்தார்.

அந்த மாத்திரை செய்த வேலையையும் சொல்லவேண்டும். மூன்றே மாதத்தில் அக்கா முகம் பூரித்து உருண்டையாகிவிட்டது. கன்னம் இரண்டும் மினுமினு என்று. எனக்குப் பெண் பிறந்து, தூக்கமில்லாமல் பால் கொடுத்து, கண்ணெல்லாம் குழி விழுந்து கிடந்தேன். குழந்தை பார்க்க வந்தவர்கள் தொட்டிலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்து, "உன் அக்கா இன்னாமா இப்படி கொழுகொழுன்னு ஆயிட்டா" என்றார்கள். வியாதிக்காரி முகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாத்திரையால் வந்த ஊதல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பட்டேன்.

வருஷம் திரும்பியதும் மறுபடி காட்டச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் நானும் அக்காவும் மட்டும் போனோம். டாக்டர் முதலில் மாத்திரையைக் குறைக்கலாம் என்று நல்ல செய்தி சொன்னார். அக்கா அவரிடம், "கை பழையபடி ஆவுமா சார்? தறியில உக்கார முடியுமா?" என்று கேட்டாள்.

"இனிமே சுருங்காம பாத்துக்கலாம்மா. சுருங்கினதை விரிக்க எங்கிட்ட மருந்து இல்ல. வலி இருக்கும்போதே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. நடுவுல வலி வரவே இல்லைன்னு உங்கம்மா சொன்னாங்க. எனக்கு நம்ப முடியல. நிஜமா வரலியா?"

அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"வந்துது சார். ரெண்டு மாசம் இருந்துது. முன்ன வந்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல, அவ்ளோ வலி. தங்கச்சி கல்யாணம் ஆகி பத்து பதினஞ்சு நாள்ல வந்துது. யார் கிட்டயும் சொல்லல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கழுத்துச் சங்கிலியைக் கையால் மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்று தெரியாது, கை தானாகப் போயிற்று. சித்திரை வெயிலில் அவள் சுற்றியிருந்த முந்தானை ஞாபகம் வந்தது.

காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் நான் தாங்காமல் கேட்டேன்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா அம்மா நேரா உன் மாமியார் வூட்டுக்கு வந்து உன் கழுத்துலேர்ந்து கழட்டிக்கினு வந்துடும். உன் மாமியாரைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"போனா போவுது. ஒரு செயின் தானே?"

"உனக்கு அது ஒரு செயினா?" என்று சிரித்தாள். கிண்டலாகத்தான் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "உனக்கு மஞ்ச தண்ணி ஊத்தின அன்னிக்கி கழட்டினாங்களே, அப்போ உன் மூஞ்சிய நான் பாத்தேன் பாப்பா. எனக்கு உயிர் போற வலி. ஆனாலும் பாத்தேன். இன்னொரு தடவ அத பாக்க என்னால ஆவாது."

நான் சங்கிலியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மடியில் போட்டேன், எடுத்து என் கழுத்திலேயே போட்டுக் கொக்கியை மாட்டினாள். இடது கை சோர்ந்துபோய், மாட்டி முடிக்க இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தி மாட்டினாள். நான் குனிந்து காத்திருந்தேன். அந்த நாலு விரக்கடைச் சேலைக்கு நான் காத்திருக்காததை அவளிடம் அப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது.

"அக்கா, அன்னிக்கி அவங்க பொண்ணு பாக்க வந்தப்ப..."

"தெரியும். ரெண்டு தடவ தட்டினேன், உனக்குக் கேட்டுது. விடு" என்றாள்.

எல்லாம் தெரிந்துதான் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறாள். தெரிந்துதான் என் பின்னலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து பொறாமையும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சங்கிலிக்கும் முகத்துக்கும் பட்ட பொறாமை எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவளை மாதிரி இருக்க எனக்கு ஒரு நாளும் வராது.

அவளுடைய இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் காட்டிக் கொடுத்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். பஸ் ஆட்டத்தில் என் விரலின் துடிப்புத்தான் எனக்குத் தெரிந்தது. அவளுடையது கிடைக்கவில்லை. ஊர் வந்து இறங்குகிற வரைக்கும் தேடிக்கொண்டே வந்தேன்.